பச்சைப் பூச்சும் காரீயத் தூசியும்

இலக்குச் சுடும் பிஸ்டலில் காரீயக் குண்டு போடுகிறவர்கள் இன்று இரண்டு கட்சி. மெழுகு தடவிய பழைய குண்டே போதும் என்பவர்கள் ஒரு கட்சி. பாலிமர் பூச்சு போட்ட வண்ணக் குண்டுக்கு மாறிவிட்டவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பூச்சுக் குண்டு நல்ல சரக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாங்கியவுடன் காரீயத்தைப் பற்றிய பயத்தையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்களே, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம். இங்கே ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி என்ற படைத்தளம் இருக்கிறது. தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் 1907இல் அங்கே இடம் மாறி வந்தன. பிஸ்டல் பிரிவில் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் புல்ஸ்ஐ. ஒரே கையை நீட்டிச் சுட வேண்டும். மற்றொரு கை சும்மா இருக்க வேண்டும். 50 கஜ தூரத்தில் பத்து நிமிடத்துக்குள் பத்துக் குண்டு. பிறகு 25 கஜத்தில் 20 விநாடிக்கு ஐந்து, அடுத்து 10 விநாடிக்கு ஐந்து. 50 கஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 3.36 அங்குலம்தான். .22, நடுவடி பிரைமர் கொண்ட ஏதாவது ஒரு பிஸ்டல், .45 என்று மூன்று சுற்று. மொத்தம் 270 குண்டு, 2700 புள்ளி. 1974இல் ஹெர்ஷல் ஆண்டர்சன் 2680 எடுத்தார். அந்த எண்ணை இங்கே எந்த கிளப்பில் சொன்னாலும் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும்.

இப்படி ஒரு ஆட்டத்துக்கு வாரா வாரம் பயிற்சி செய்கிறவன் எவ்வளவு குண்டு செலவழிப்பான் என்று பாருங்கள். செம்பு உறை போட்ட குண்டு கட்டுப்படியாகாது. அது தேவையும் இல்லை. சுடுவது காகிதத்தை. .45 பிஸ்டலில் ராணுவத் தோட்டாவின் 230 கிரெயின் குண்டைவிட இலேசான 185 அல்லது 200 கிரெயின் குண்டை, மருந்தைக் குறைத்து, மெதுவாகத்தான் அனுப்புகிறோம். கை அதிர்ந்தால் அடுத்த குண்டுக்குக் குறி திரும்ப நேரம் பிடிக்குமே! மெதுவாகப் போகும் குண்டுக்குக் காரீயம் போதும். மென்மையான உலோகம் குழலின் வரிப்பள்ளத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும். குழலும் அவ்வளவு சீக்கிரம் தேயாது.

சர்வதேசப் போட்டிகளிலும் இதே கதைதான். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் காரீயமோ அதைப் போன்ற மென்பொருளோதான் குண்டாக இருக்க வேண்டும். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்து ஜஸ்பால் ராணா தங்கம் வென்றது நம்மவர்கள் பலருக்கு நினைவிருக்கும். பின்னாளில் மனு பாக்கருக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான்.

காரீயக் குண்டுக்காகவே ஒரு பிஸ்டல் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மாடல் 52, 1961இல் வந்தது. மூக்கே இல்லாமல் தட்டையாக வெட்டிய குண்டு, பித்தளைக் கூட்டின் வாயோடு வாயாக உள்ளே அமிழ்ந்திருக்கும். அந்தத் தோட்டாவைத் தவிர வேறு எதையும் அது ஏற்காது. மெகசினுக்கு ஐந்தே தோட்டா. தட்டைக் குண்டு காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாகத் துளையிடும்; புள்ளி எண்ணுவதில் தகராறே வராது. இன்றும் வாரக் கடைசியில் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும் பெரியவர்கள் எங்கள் பக்கம் உண்டு. அதன் ஸ்லைடு வந்து மூடும் நளினத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சரி, காரீயம் இவ்வளவு நல்லது என்றால் பூச்சு எதற்கு?

குண்டு குழலைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருந்தாலும், வெடித்த வாயு அதன் பக்கவாட்டில் பீறிக்கொண்டு முன்னால் ஓடும். காரீயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். வாயுவோ அதைவிடப் பல மடங்கு சூடு. குண்டின் ஓரத்தை அது அரித்துக்கொண்டுபோய்க் குழலின் சுவரில் அப்பிவிடும். நாலைந்து பெட்டி சுட்ட பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் வரிப்பள்ளங்களில் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். செம்புக் கம்பிச் சுருளைப் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் வெள்ளிச் சரிகை போல நீள நீளமாக வந்து விழும். அது சேரச் சேரக் குறி சிதறும். நேற்று வரை பத்துக்குள் அடங்கிய குண்டுகள் ஏழிலும் எட்டிலும் போய் விழ ஆரம்பிக்கும்.

இதற்குப் பழைய மருந்து மெழுகு. குண்டின் இடுப்பில் பள்ளம் வெட்டி, தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற பொருளும் பாதிக்குப் பாதி கலந்து அடைப்பார்கள். பல பத்தாண்டுகள் ஓடிய நல்ல வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுட்டவுடன் எழும்பும் புகை இருக்கிறதே! குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே பத்துப் பேர் வரிசையாக நின்று சுட்டால் இலக்கே மங்கலாகும். குண்டை அமர்த்தும் டையின் உள்ளே மெழுகு சேர்ந்து, தோட்டாவின் நீளம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். மெகசின் பிசுபிசுக்கும், அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும்.

பாலிமர் பூச்சு இந்த இடத்தில்தான் வந்தது. நம் ஊரில் ஜன்னல் கிரில்லுக்கும் கேட்டுக்கும் பவுடர் கோட்டிங் போட்டு அடுப்பில் வைத்து எடுக்கிறார்களே, அதே வேலைதான். பவுடரைக் குண்டுகளோடு சேர்த்துக் குலுக்கி, ஏறக்குறைய 200 டிகிரியில் சுட வைத்து எடுப்பது ஒரு வகை. ஆஸ்திரேலியாவில் உருவான ஹை-டெக் போன்றவற்றில் பவுடரை அசிட்டோனில் கரைத்து, குண்டுகளின் மேல் ஊற்றிக் குலுக்கி, காயவைத்து, பிறகு அடுப்பில் வைப்பார்கள். இரண்டு மூன்று பூச்சு போடுவதும் உண்டு. காரீயத்தின் உருகுநிலை மேலே இருப்பதால் குண்டின் வடிவம் கெடாது. பச்சை, சிவப்பு, தங்க நிறம் என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். நிறத்துக்கும் குறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குப் பச்சை பிடிக்கும், அவ்வளவே.

பூச்சு சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் குண்டைத் துடைத்துப் பாருங்கள். நிறம் துணிக்கு வந்தால் வேகவில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு குண்டைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்குங்கள். காரீயம் நசுங்கும்போது பூச்சும் கூடவே விரிய வேண்டும். பெயிண்ட் உதிர்வதுபோல் செதில் செதிலாக வந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைக்காரர் என்ன சொன்னாலும் சுத்தியல் சொல்வதைத்தான் நான் கேட்பேன்.

ரிவால்வரில் இந்தக் குண்டு போட்டுவிட்டுத் தானியங்கி பிஸ்டலுக்கு வருகிறவர்கள் முதலில் திணறுவார்கள். ரிவால்வர் பொறுமைசாலி; தோட்டாவை நம் கையாலேயே அறையில் போடுகிறோம். தானியங்கியில் தோட்டா மெகசினிலிருந்து கிளம்பி, சரிவில் ஏறி, அறைக்குள் தானே நுழைய வேண்டும். .45 ஆகட்டும் 9 மில்லிமீட்டர் ஆகட்டும், தோட்டா அறையில் எவ்வளவு ஆழம் போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பித்தளைக் கூட்டின் வாய். அந்த வாயில் துளி காரீயமோ பூச்சோ துருத்திக்கொண்டிருந்தால் தோட்டா முழுதாக உட்காராது. இலக்குப் பிஸ்டலில் குறைந்த மருந்துக்கு ஏற்ப மென்மையான ஸ்பிரிங் வேறு போட்டிருப்போம். ஸ்லைடைத் தள்ளி மூட அதற்குத் தெம்பு இருக்காது. கால் அங்குலம் பாக்கி வைத்து நின்றுவிடும். 10 விநாடிச் சுற்றின் நடுவே இப்படி நின்றால் கை தூக்கி அலிபை கேட்டு அந்த ஐந்தையும் திரும்பச் சுட ஆட்ட விதி இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்குள் மனம் கலைந்திருக்கும்.

அளவுதான் இங்கே எல்லாம். செம்பு உறைக் குண்டு .451 அங்குலம் என்றால் காரீயக் குண்டு .452 இருக்க வேண்டும், 9 மில்லிமீட்டரில் .355க்குப் பதில் .356. பூச்சும் தன் பங்குக்குத் தடிமன் சேர்க்கும். எனவே பூச்சு போட்ட பிறகு அளவு டையில் தள்ளி எடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டின் வாயை வழக்கத்தைவிடச் சற்று அகலமாக விரித்த பிறகே குண்டை உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் பித்தளை விளிம்பு கத்தியாகிப் பூச்சைச் சீவிவிடும். சீவிய இடத்தில் வெறும் காரீயம் வெளியே வந்துவிட்டால் பூச்சுக்குக் கொடுத்த காசு வீண். கடைசியில் விரித்த வாயை மெல்லத் திரும்ப ஒடுக்க வேண்டும், பூச்சை நெரிக்காமல்.

இவையெல்லாம் சரியா என்று தெரிய, குழலைப் பிஸ்டலிலிருந்து கழற்றி, தலைகீழாகப் பிடித்து, தோட்டாவை அறையில் போடுங்கள். டக்கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். விரலால் திருப்பினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். குழலைக் கவிழ்த்தால் தானே வெளியே விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பெட்டியோடு போட்டிக்குப் போகாதீர்கள்.

கடினமான குண்டு என்றால் காரீயம் ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விற்பவர்களும் கடினத்தைப் பெருமையாகப் பெட்டி மேல் போடுகிறார்கள். மெதுவாகச் சுடும் இலக்குத் தோட்டாவுக்கு இது நேர் எதிர். மருந்து குறைவாக இருந்தால் அழுத்தமும் குறைவு. அந்த அழுத்தத்தில் இளகி விரிந்து குழலை அடைக்கும் அளவுக்குக் குண்டு மென்மையாக இருக்க வேண்டும். இரும்புத் துண்டுபோல விறைத்து நிற்கும் குண்டைச் சுற்றி வாயு பீறும், குழல் பழுதாகும். பூச்சு வந்தபின் நடுத்தரக் கலவையே தாராளம்.

இன்னொரு எச்சரிக்கை. சில பிஸ்டல்களின் குழலில் வரிப்பள்ளம் கூர்மையாக இருக்காது. பலகோண வடிவில் வழுவழுப்பாக இருக்கும். பழைய தலைமுறை கிளாக் பிஸ்டல்கள் அப்படிப்பட்டவை. காரீயக் குண்டு போடாதே என்று அந்நிறுவனம் சொல்கிறது. பூச்சு போட்டால் பரவாயில்லை என்று பலர் சுடத்தான் சுடுகிறார்கள். செய்தவனே வேண்டாம் என்கிறபோது நாம் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும்? வரிப்பள்ளம் உள்ள மாற்றுக் குழல் கடையில் கிடைக்கிறது.

குழலைப் பற்றிப் பேசியது போதும். சுடுகிறவனின் உடம்புக்கு வருவோம்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் உள்ளரங்கத்தில் ஒரு தம்பி, மதுரைக்காரர், சுட்டு முடித்த கையோடு சாண்ட்விச்சைப் பிரித்தார். "தம்பி, முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன். "அண்ணே, இது பூச்சு போட்ட குண்டுண்ணே, காரீயமே கையில படாது" என்றார். கையில் சாண்ட்விச், முகத்தில் முழு நம்பிக்கை. நன்றாகப் படித்தவர். பெட்டி மேல் பளபளப்பாக எழுதியிருப்பதை அப்படியே நம்பியிருக்கிறார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. சாதாரணச் செம்பு உறைக் குண்டின் அடிப்பாகம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அங்கே காரீயம் நேரே தீயை வாங்கும். பாலிமர் பூச்சு அடிப்பாகத்தையும் சேர்த்து மூடுகிறது. கையால் எடுத்து அடுக்கும்போதும் விரலில் சாம்பல் கறை படாது. இவை சின்ன லாபம் அல்ல. நான் மாறியதற்கே இதுதான் முதல் காரணம்.

மீதிப் பாதி பிரைமரில் இருக்கிறது. தோட்டாவின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கிண்ணத்தில்தான் முதல் பொறி பிறக்கிறது. வழக்கமான பிரைமரில் இருப்பது லெட் ஸ்டிஃப்னேட் என்ற காரீய உப்பு. கூடவே பேரியமும் ஆண்டிமனியும். குண்டுக்கு எத்தனை பூச்சு போட்டாலும், ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் அந்த உப்பு வெடித்து, கண்ணுக்குத் தெரியாத தூசியாக முகத்துக்கு நேரே எழும்புகிறது. ஒரு பகுதி மூக்குக்கும், ஒரு பகுதி கைக்கும் சட்டைக்கும், மிச்சம் பித்தளைக் கூட்டின் உள்ளேயும் போய்ச் சேர்கிறது. இலக்குக்குப் பின்னால் இரும்புத் தடுப்பில் மோதி நொறுங்கும் குண்டின் தூசி தனிக் கணக்கு. அந்த மோதலில் எந்தப் பூச்சும் தாங்காது.

சுடுகிறவர்களின் ரத்தத்தில் காரீயம் பற்றிய 36 கட்டுரைகளைத் தொகுத்து 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் காணப்பட்டது. குழந்தைகளுக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021இல் வைத்த எச்சரிக்கை அளவு 3.5தான். ரத்தத்தில் ஏறிய காரீயம் சில மாதங்களில் வடிந்துவிடும். எலும்பில் போய் உட்கார்ந்தது பல பத்தாண்டுகள் இறங்காது. கால்சியம் என்று நினைத்து உடம்பு அதைச் சேமித்துக்கொள்கிறது. கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும்போது காரீயமும் இறங்கிக் குழந்தைக்குப் போகும். இன்று எத்தனையோ பெண்கள் இந்த ஆட்டத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா?

தோட்டாவை வீட்டில் தயாரிக்கிறவர்களுக்கு இன்னும் பெரிய கண்டம் ஒன்று உண்டு. சுட்ட கூடுகளைப் பளபளப்பாக்க வால்நட் ஓட்டுத் தூளோடு ஒரு குண்டானில் போட்டு மணிக்கணக்கில் அதிர விடுவார்கள். பிறகு சல்லடையில் கொட்டிச் சலிக்கும்போது எழும்புகிறதே ஒரு புழுதி, அது அத்தனையும் பிரைமரின் காரீயம் கலந்தது. கார் ஷெட்டில் அந்த வேலை நடக்கும். பக்கத்தில் குழந்தைகளின் சைக்கிள் நிற்கும். எஃகு ஊசிகளோடு தண்ணீரும் சோப்பும் சேர்த்துச் சுழற்றும் முறை இருக்கிறது. தூசியே எழாது, கூட்டின் உள்பக்கமும் துலக்கினதுபோல் வரும். கழுவிய தண்ணீரைத் தோட்டத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பிரைமரைப் பற்றி மட்டும் சொன்னேன். சாண்ட்விச்சை மூடி வைத்துவிட்டுக் கழுவப் போனார். அடுத்த வாரம் அவரே ஒரு புதுப் பையனை வாசலில் நிறுத்திக் கையைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூச்சுக் குண்டை வாங்குங்கள். மெதுவாகச் சுடும் தானியங்கி இலக்குப் பிஸ்டலுக்கு, அளவு சரியாக இருந்தால், விலைக்கும் சுத்தத்துக்கும் குழலுக்கும் இதைவிடப் பொருத்தமான குண்டு எனக்குத் தெரியவில்லை. வாங்கும் கடையிலேயே காரீயம் நீக்கவென்று விற்கும் சோப்பையும் ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு கையையும் முகத்தையும் அதில் கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். அரங்கத்துக்குப் போட்டுப்போன செருப்பையும் சட்டையையும் குழந்தைகள் தவழும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் கிளப்பில் உலர்ந்த துடைப்பத்தால் தரையைப் பெருக்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் காரீய அளவு பார்த்துவிடுங்கள். ஒரு ஊசிக் குத்துதான்.